புகை வரும் ஊரும் சனம் வரும் ஊரும்

“சந்திரண்ணை, புகை வருது. சனம்தான் வரேல்லை.”

தவசீலன் தொலைபேசியில் இதைச் சொன்னபோது நான் கமியோனை, சாமான் லொறியை, நிறுத்தவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல் பாரிசைச் சுற்றும் பெரிஃபெரிக் சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தேன். பின்னால் அரிசி மூட்டைகளும் கத்தரிக்காய்ப் பெட்டிகளும். அவன் கடை திறந்து அப்போது ஏழு மாதம். அந்த ஊரில் கடை திற என்று சொன்னவன் நான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். இரண்டு நாளாக ஒரு கிலோ வெங்காயம்கூடப் போகவில்லை என்றான். அவன் கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. அவன் தன்மையாகத்தான் சொன்னான்.

இருபத்திரண்டு வருடம் பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மொத்த வியாபாரியிடம் வேலை செய்தேன். கமியோன் ஓட்டிக் கடை கடையாகச் சாமான் இறக்குவதுதான் வேலை. இப்போது ஓய்வு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமார் சிலர் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். பனியில் பாதை சறுக்கியது, பொலிஸ் மறித்தது என்று வீரக்கதைகள் நிறைய இருக்கின்றன, நேரில் வந்தால் தேநீரோடு சொல்லுவேன். எழுதி வைக்க வேண்டியது இந்த ஒன்றுதான்.

1. செவ்வாய் வடக்கு, வியாழன் கிழக்கு

எங்கள் குடோன் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல் முனையில் இருந்தது. பாரிசுக்குள் இருக்கும் கடைகளுக்கு மற்ற ட்ரைவர்மார். எனக்கு விழுந்தது தூரத்து ஊர்கள். செவ்வாய் வடக்கே, வியாழன் கிழக்கே, இரண்டு கிழமைக்கு ஒருமுறை தெற்கே. பெரும்பாலும் ஒரு காலத்தில் நிலக்கரி, இரும்பு, துணி என்று ஓகோவென்று இருந்துவிட்டுப் பிறகு ஆலைகள் மூடிப்போன ஊர்கள். பெரிய நகரம் என்றும் சொல்ல முடியாது, கிராமம் என்றும் சொல்ல முடியாது. அங்கெல்லாம் ஒரு தமிழ்க் கடையாவது, அல்லது எங்களிடம் மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்த்தூளும் எடுக்கும் ஒரு அரபுக் கடையாவது இருக்கும்.

ஜிபிஎஸ் என்ற வழிகாட்டும் பெட்டி கமியோனுக்கு வருவதற்கு முன்பே ஓடத் தொடங்கியவன் நான். அதனால் ஒவ்வொரு ஊரையும் தூரத்தில் தெரியும் உயரமான அடையாளத்தை வைத்துத்தான் மனதில் வைத்திருந்தேன். ரூபே என்றால் செங்கல் புகைபோக்கிகள். துணி ஆலைகளை இடித்துவிட்டார்கள், சிலவற்றின் புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அவை அடுக்குமாடிகளுக்கு நடுவே ஏன் நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்கும். அந்த ஊர்க் கடைக்காரர் ஒவ்வொரு பெட்டிக்கும் சண்டை பிடிப்பார். சண்டை முடிந்ததும் புதினாத் தேநீர் குடிக்காமல் விடமாட்டார்.

சேன்-தெத்தியென் குன்றுகளுக்கு நடுவே கிடக்கும். சுரங்கத்துக் கழிவைக் கொட்டிக் கொட்டி வந்த இரண்டு மேடுகள் ஊருக்குள்ளேயே நிற்கின்றன, இப்போது அதில் புல்லும் மரமும். நான் ஓடிய ஊர்களிலேயே கேட்காமல் மூட்டைக்குக் கை கொடுக்கும் சனம் அங்கேதான். தெருவில் போகிறவன் நின்று ஒரு மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, தன் ஊரைப் பற்றித் தானே ஒரு பகிடி விட்டுவிட்டுப் போவான்.

முலூஸில் ஒரே ஒரு உயரமான கோபுரம். அதைப் பார்த்து வந்தால் போதும், வழி தவறாது. ஆனால் எட்டு மணி என்று சொல்லிவிட்டு எட்டுப் பத்துக்குப் போனால் கடைக்காரி வாய் திறக்கமாட்டாள், சுவரிலிருக்கும் மணிக்கூட்டைப் பார்ப்பாள். அதைவிட அவள் நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். லு க்ரூசோவில் ஊர் வாசலிலேயே பழைய இரும்புச் சம்மட்டி ஒன்று, வீடு உயரத்துக்கு மேலே, தேர்முட்டியில் தேர் நிற்பதுபோல நிற்கிறது. அங்கே யாரோடு கதைத்தாலும் மூன்றாவது வசனத்தில் அப்பா ஆலையில் வேலை செய்த கதை வந்துவிடும்.

வடக்கே லான்ஸ். தட்டையான நிலம், வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள், ஊர் ஓரத்தில் மலைபோல இரண்டு கரிமேடுகள். கூம்பாக, கறுப்பாக, பக்கத்தில் பக்கத்தில். புகை என்பது மருந்துக்கும் இல்லை. அதைக் கண்டாலே எனக்கு மனம் சோர்ந்துவிடும். “செத்த ஊர்” என்பேன். வாரா வாரம் அங்கே சாமான் இறக்கிக்கொண்டே அப்படிச் சொன்னேன் பாருங்கள்.

இந்த ஊர்களில் எது உருப்படும், எது உருப்படாது என்பதற்கு என்னிடம் ஒரு விதி இருந்தது. புகை இருந்தால் வேலை இருக்கும், வேலை இருந்தால் சனம் இருக்கும், சனம் இருந்தால் அரிசி விற்கும். நெருப்பில்லாமல் புகையுமோ? முதலாளியும் வந்தவர் போனவரிடம் என்னைக் காட்டி, “சந்திரன் ஊரைத் தூரத்திலை நிண்டு பாத்தே சொல்லிப்போடுவான்” என்பார். அதைக் கேட்டு எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது.

2. தவம் கேட்டது

தவசீலன் கிளிநொச்சிப் பக்கம். நாங்கள் தவம் என்று கூப்பிடுவோம். ஒரு உணவகத்தின் அடுப்படியில் வேலை செய்தான். பாரிசுக்குள் அந்த ஒரு உணவகத்துக்கு மட்டும், வெளியூர் போகும் வழியில், நான்தான் சாமான் கொண்டுபோவேன். வேலையின் பேரில் அவனுக்கு இந்த நாட்டில் தங்குவதற்கான விசாக் கார்த் கிடைத்திருந்தது. மனைவி வதனியும் மகள் அபிராவும் ஊரில். ஒன்பது வருடமாகப் பிள்ளையைத் தொலைபேசித் திரையில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் நான் கோழிப் பெட்டி இறக்கும்போது கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

“அண்ணை, உங்களுக்கு எல்லா ஊரும் தெரியும். வெளியிலை ஒரு ஊரிலை கடை போட்டா எது நல்லம்?”

“ஏனப்பா, பாரிஸ் கசந்துபோச்சோ?”

“குடும்பத்தைக் கூப்பிட வீடு காட்டவேணும். இஞ்சை நான் நாலு பேரோடை ஒரு அறையிலை. மூண்டு பேருக்குக் காணக்கூடிய வீடு இந்தச் சம்பளத்துக்கு ஆர் தரப்போகினம்? வெளியூரிலை வீடு மலிவு எண்டு சொல்லுகினம்.”

பிறகு மெதுவாக மற்றதையும் சொன்னான். வீடு மட்டும் போதாது. பன்னிரண்டு மாதம் ஒழுங்கான வருமானம் காட்ட வேண்டும். அதோடு, விண்ணப்பம் கொடுக்கும் நாளில் பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்கக் கூடாது. அபிராவுக்கு அப்போது பதினாறாவது பிறந்தநாள் வரப்போகிறது. பதினெட்டு ஆகிவிட்டால் தாய் வரலாம், மகள் வர முடியாது.

“பிள்ளையை அங்கை தனிய விட்டிட்டு அவள் வரமாட்டாள், அண்ணை. அப்ப ஒருத்தரும் வராயினம்” என்றான்.

இவ்வளவு பெரிய காரியத்தை ஒருவன் கையில் எடுத்துக்கொண்டு வந்து கேட்கும்போது, மனிதன் என்ன செய்ய வேண்டும்? யோசிக்க ஒரு கிழமை கேட்க வேண்டும். நான் கோழிப் பெட்டியைக் கீழே வைக்குமுன் பதில் சொல்லிவிட்டேன்.

கிழக்கே நான் வியாழக்கிழமைகளில் கடந்துபோகும் ஊர் ஒன்று. பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. எங்களுக்குள் அதற்குப் புகையூர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் வரும்போதே வெள்ளைவெளேரென்று ஒரு புகைத் தூண் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். எந்த வியாழன் போனாலும் நிற்கும்.

“அங்கை போ” என்றேன். “இந்தப் பக்கத்து ஊரெல்லாம் படுத்திட்டுது, அது மட்டும்தான் மூச்சு விடுது. ஒரு தமிழ்க் கடையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போ.”

அவனும் கண்ணை மூடிக்கொண்டுதான் போனான். நான் அந்த ஊருக்குள் ஒருநாள்கூட இறங்கியதில்லை என்பதை நான் சொல்லவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை.

3. இரும்பு உருக்கிற ஊர்

வாடகை உண்மையில் மலிவு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை, அதற்கு மேலேயே வீடு. திறந்த அன்று நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினோம். முதலாளி வாசலில் தேங்காய் உடைத்தார், அது சரி பாதியாக உடைந்தது. எல்லாருக்கும் சந்தோசம். தவம் ஊருக்கு வீடியோவில் அழைத்து ஒவ்வொரு தட்டாகக் காட்டினான். பிறகு தொலைபேசியைச் சன்னல் பக்கம் திருப்பினான்.

“பெரியப்பா, அங்கை புகை வருதே, அது என்ன பக்டரி?” என்று அபிரா என்னிடம் கேட்டாள்.

“இரும்பு உருக்கிறது, பிள்ளை” என்றேன்.

எனக்கு அது எங்கேயிருந்து வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

முதல் மாதம் புதுக்கடை பார்க்கச் சிலர் வந்தார்கள். இரண்டாம் மாதம் ஒரு கொமோரோத் தீவுக் குடும்பம் வாழைக்காய் வாங்கியது. பிறகு அவர்களும் வேறு ஊருக்கு வீடு மாறிவிட்டார்கள். நான் ஒவ்வொரு வியாழனும் சாமான் இறக்கப் போவேன். போன கிழமை இறக்கிய பெட்டி உடைக்காமல் அப்படியே இருக்கும். “பழகிற வரைக்கும் அப்பிடித்தான், தம்பி, பொறு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் பறந்துவிடுவேன். பெட்டியைக் கண்ணால் பார்த்தேன், ஆனால் நம்பியது புகையைத்தான். விசரன்!

அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது ஏழாவது மாதம். அடுத்த வியாழன் நேரே கடைக்குப் போகவில்லை. புகை வந்த இடத்துக்குக் கமியோனை விட்டேன். வாசலில் ஒரு லொறி நின்றது. அதன் ட்ரைவர் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இரும்பு ஆலையில் எத்தனை பேர் வேலை?” என்று கேட்டேன்.

அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். “எந்த இரும்பு ஆலை? இது குப்பை எரிக்கும் இடம், மிசியு. சுற்றுவட்டாரத்துக் குப்பை எல்லாம் இங்கேதான். உள்ளே ஒரு கை விரலில் எண்ணக்கூடிய ஆட்கள் இருப்பார்கள். மற்றதெல்லாம் மெஷின்.”

“அப்போ அந்தப் புகை?”

“பெரும்பாலும் நீராவி” என்றார்.

கடைக்குப் போய் இதைத் தவத்திடம் சொன்னேன். அவன் தராசுத் தட்டைத் துணியால் துடைத்தான்.

“அபிராக்கு இப்ப பதினாறும் பத்து மாசமும், அண்ணை” என்றான்.

கணக்கு எனக்கும் விளங்கியது. கடை நிற்காது, ஏழு மாத வருமானம் என்று காட்ட ஒன்றும் இல்லை. பன்னிரண்டு மாதத்தைத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் நாளைக்கே தொடங்க வேண்டும்.

4. கடிதப் பெட்டிகள்

அன்று ஆர்ஜொந்தெயிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பியபோது, வாசலில் எங்கள் கட்டடத்துக் கடிதப் பெட்டிகள் கண்ணில் பட்டன. பத்து வருடமாகத் தினமும் அதைத் தாண்டிப் போகிறேன். எல்லாவற்றிலும் பெயர். ஒன்றில் மூன்று குடும்பத்துப் பெயர். எங்கள் ஆட்களின் பெயர்கள் அந்தச் சின்னத் துண்டுக்குள் அடங்காமல் இரண்டு வரியாக மடிந்து கிடந்தன. ஒரு ஊரில் சனம் இருக்கிறதா என்று இதைப் பார்த்தால் தெரியாதா? நான் ஏன் வானத்தைப் பார்த்தேன்?

மறுநாள் முதலாளியிடம் லீவு கேட்டேன்.

“லிவ்ரேசன் கிடக்கு, சாமான் ஆர் இறக்கிறது? நீர் எங்கை போறீர்?” என்றார்.

“நான் அவிழ்த்துவிட்ட மாட்டை நான்தானே கட்டவேணும்” என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை. தேங்காய் உடைத்தவர் அவர்தானே.

தவத்தையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். முதலில் புகையூரிலேயே பார்த்தோம். தவம் இருந்த தெருவில் நாலு கட்டடம். பாதிக்கு மேல் பெட்டிகளில் பெயரே இல்லை, விளம்பரத் தாள்கள் பிதுங்கிக்கொண்டு கிடந்தன. பிறகு வலென்சியேன், பிறகு ரூபே. ரூபேயில் பெயர்கள் நிறைய, ஆனால் தெருவுக்கு மூன்று கடை ஏற்கெனவே இருந்தது. கடைசியாக, வேறு வழியில்லாமல், லான்ஸ்.

லான்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஹமீத் என்ற மொரோக்கோக்காரர் மரக்கறிக் கடை வைத்திருந்தார். அப்போது ஒன்பது வருடமாக அவருக்கு வெண்டிக்காயும் இஞ்சியும் இறக்கிக்கொண்டிருந்தேன். என்னுடைய பிரெஞ்சும் அவருடைய பிரெஞ்சும் ஒரே வகுப்பு, அதனால் நன்றாக விளங்கிக்கொள்வோம். நாங்கள் கடிதப் பெட்டி பார்த்துக்கொண்டு திரிவதை அவர் கண்டுவிட்டார்.

“என்ன, தபால்காரன் வேலைக்குச் சேர்ந்துவிட்டாயா?” என்று கேட்டார்.

கதை முழுவதையும் சொன்னேன். புகையைப் பற்றிச் சொன்னதும் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

“என் அப்பா இங்கே சுரங்கத்தில் இருந்தவர். அந்தக் காலத்தில் இந்த ஊர் முழுக்கப் புகை. அந்தப் புகைதான் அவருடைய நெஞ்சைத் தின்றது. இப்போது புகை இல்லை, சம்பளமும் குறைவு. ஆனால் சனம் போய்விட்டதா? உணவகத்துக்குப் போகக் காசு இல்லாதவன் வீட்டில்தான் சமைப்பான். வீட்டில் சமைக்கிறவனுக்கு வெங்காயம் வேண்டாமா? ஒன்பது வருடமாக நீ என்னுடைய காலிப் பெட்டிகளைத்தானே திருப்பி எடுத்துக்கொண்டு போகிறாய்? அது உனக்குத் தெரியவில்லையா?”

எனக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. அவருடைய கடையில் உடைக்காத பெட்டி ஒன்றை நான் ஒருநாளும் கண்டதில்லை. செத்த ஊர் என்று சொல்லிக்கொண்டே அவருடைய காலிப் பெட்டிகளை வாரா வாரம் கமியோனில் ஏற்றியிருக்கிறேன்.

ஹமீதுக்கு முதுகுவலி. மூட்டை தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு மகள்மாரும் லில்லில் அலுவலக வேலை. தவத்தின் கையைப் பார்த்தார், உள்ளங்கையில் சூட்டுத் தழும்பைப் பார்த்தார்.

“நிரந்தர வேலை, ஒழுங்கான சம்பளத் துண்டு. முதல் மாதத்திலிருந்தே தருகிறேன். ஒரு வருடம் என்னோடு நிற்கட்டும்” என்றார்.

பழைய கடையை மூடி, வீட்டு வாடகைப் பத்திரம் எழுதி, தவம் அங்கே போய்ச் சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டிய செங்கல் வீடு, பின்பக்கம் ஒரு முழத் தோட்டம், எட்டிப் பார்த்தால் அந்த இரண்டு கறுப்பு மேடுகள்.

5. பன்னிரண்டாவது துண்டு

அதற்குப் பிறகு ஒரு வருடம் எனக்கு நித்திரை சரியில்லை. ஒவ்வொரு செவ்வாயும் லான்ஸில் இறங்கினால் தவத்தின் முகத்தைப் பார்க்குமுன் அவனுடைய உடம்பைப் பார்ப்பேன், காய்ச்சல் கீய்ச்சல் வந்து வேலை தவறிவிடக் கூடாதே என்று. அவன் ஹமீதின் கடையில் ஒரு தட்டில் கறித்தூளும் பருப்பும் வைத்தான். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மொரீஷியஸ்காரிகள் வந்தார்கள். போலந்து வழி வந்த ஒரு கிழவி பருப்பு எப்படி அவிப்பது என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் எனக்கே சொல்லித்தரும் அளவுக்கு வந்துவிட்டாள்.

பன்னிரண்டாவது சம்பளத் துண்டு கைக்கு வந்தபோது அபிராவின் பதினெட்டாவது பிறந்தநாளுக்குப் பதினாறு நாள் இருந்தது. தவம் விண்ணப்பக் கோப்பை ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தான். அந்த ஒரு துண்டுக்குத்தான் இடம் விட்டிருந்தான். கோப்பில் ஒரு கடதாசி குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், திரும்பி வந்தால் நாள் போய்விடும். ஹமீத் கடையைப் பூட்டிவிட்டுத் தானும் வந்தார். தபால் அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒவ்வொரு தாளாக எண்ணினோம். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். விடட்டும் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வெளியே வந்ததும் தவம் படிக்கட்டிலேயே குந்தி இருந்துவிட்டான்.

கோப்பு முழுமையாகச் சேர்ந்தது என்ற கடிதம் பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்னர் வந்தது. பிறகு மெரி என்ற நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்து அறைகளை அளந்தாள், சன்னல் திறந்து மூடுகிறதா என்று பார்த்தாள். பிறகும் பல மாதம் காத்திருப்பு. அதையெல்லாம் எழுதினால் உங்களுக்கும் நித்திரை போய்விடும்.

வந்தார்கள். தாயும் மகளும் வந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வதனி நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். அபிரா மேசையில் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தோடு இருந்தாள், ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் என்னைச் சோதித்துப் பார்த்து, “பெரியப்பா, இவ்வளவு வருசமாக இதை வைச்சோ சமாளிச்சனீங்கள்?” என்று சிரித்தாள். சாப்பிட்டு முடிந்து தவமும் நானும் பின்பக்கத் தோட்டத்தில் நின்றோம். இரண்டு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

“தவம், அந்த ஏழு மாசத்துக்கும் நீ என்னை ஒரு சொல்லு ஏசேல்லை. நாலு நாள் பிந்தியிருந்தா இந்தப் பிள்ளை இஞ்சை இல்லை. உனக்கு என்னிலை கோபம் வரேல்லையோ?”

அவன் யோசித்தான். என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லுவான் என்று நினைத்தேன்.

“வந்தது, அண்ணை. ஆனா உங்களோடை கோபிச்சுக்கொண்டா, பேந்து ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? எனக்கு வேறை ஒருத்தரும் இருக்கேல்லை.”

சொல்லிவிட்டு அவன் கை கழுவ உள்ளே போய்விட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு இந்த நாட்டில் அண்ணன் தம்பி, மச்சான், சங்கம் என்று கேட்க ஆயிரம் பேர். நான் சொல்வது பிழை என்றால் இன்னொருவன் திருத்துவான், நான் கவலையில்லாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். நேற்று வந்தவனுக்குத் திருத்த ஆள் கிடையாது. நீங்கள் சொன்னதைத்தான் அவன் செய்வான்.

கமியோன் ஓடுகிறவர்களே, உங்களிடமும் வந்து கேட்பார்கள். நாலு ஊர் சுற்றுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று சனம் நினைக்கும். நீங்களும் அப்படியே நினைக்கத் தொடங்குவீர்கள், அதில் ஒரு சுகம் இருக்கிறது. போன மாதம் லா சப்பலில் ஒரு பெண் என்னை மறித்து, “அண்ணை, சேன்-தெத்தியென் நல்லமோ, முலூஸ் நல்லமோ?” என்று கேட்டாள். இரண்டு ஊரைப் பற்றியும் ஒரு மணித்தியாலம் பேச எனக்குச் சரக்கு இருந்தது.

“தெரியாது, தங்கச்சி” என்றேன். “ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ரயிலிலை போய் ரெண்டையும் இறங்கிப் பாப்பம். நானும் வாறன்.”